சாய்த்து வைத்த தகடு

துப்பாக்கி என்று சொன்னால் கேட்பவர்கள் கையில் பிடிக்கிற ஒன்றை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் லேபில் இருந்தது அப்படிப்பட்டதல்ல. ஆள் படுக்கிற அளவுக்கு ஓர் இரும்பு உருளை, அதன் மூக்கில் பொருத்திய நீளமான குழல், இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. உருளைக்குள் நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்பி வால்வைத் திறந்துவிட்டால், குழலுக்குள் வைத்திருக்கிற இரும்புச் சில்லு பாய்ந்து போய் எதிரில் மாட்டியிருக்கும் தகட்டில் அடிக்கும். மருந்து கிடையாது, நெருப்பு கிடையாது. ஆனால் சத்தம் தீபாவளிக்கு அணுகுண்டு வெடி போட்ட மாதிரிதான் இருக்கும்.

கறம்பக்குடிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடந்தால் வருகிற ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் நான் மெக்கானிக்கல் துறை ஆசிரியை. பாடம் நடத்திக்கொண்டே பிஎச்டியும் செய்துகொண்டிருந்தேன். குண்டு வெடிக்கிற இடத்தில் பல பேரைக் கொல்வது அதன் உறை உடைந்து நாலாபுறமும் பறக்கிற சில்லுகள். அதைத் தடுக்க ஆள் உடம்பில் இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, நடுநடுவே பிசின் தடவி, அழுத்திக் காயவைத்துத் தகடு செய்வார்கள். எடை குறைவு, பலம் அதிகம். எத்தனை அடுக்கு வைத்தால், இழையை எந்தப் பக்கமாக ஓடவிட்டால் சில்லு உள்ளே போகாமல் நிற்கும் என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. தகடுகளை நானே செய்தேன். பிசின் வாசம் தலைமுடியில் ஏறிக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, குளித்துவிட்டு வந்தால்தான் மடியில் உட்காருவாள்.

பயந்த சுபாவம் உள்ள நான் எதற்கு இந்தத் தலைப்பை எடுத்தேன் என்று என் வீட்டுக்காரர் பல தடவை கேட்டிருக்கிறார். நான் எடுக்கவில்லை, வந்தது. என் பிஎச்டிக்கு வழிகாட்டுகிற பேராசிரியர், அதாவது கைடிடம், அந்தக் கருவிக்கு நிதி வந்திருந்தது. அதில் வேலை செய்ய ஆள் வேண்டும். தகடு செய்வது எனக்கு நன்றாக வரும். சுடுவதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துச் சரி என்றேன். வேறு யாரும் வரவில்லை.

கருவி இருந்த ஷெட் ஒர்க்ஷாப்புக்குப் பின்னால், கல்லூரி இடம் முடிகிற ஓரத்தில் இருந்தது. சத்தம் வகுப்புகளுக்குக் கேட்கக்கூடாது என்று அங்கே போட்டிருந்தார்கள். சில்லு பாய்கிற திசையில் கான்கிரீட் சுவர். அதற்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கிவைத்திருந்தோம். பக்கவாட்டில் மட்டும் வெறும் தகர ஷீட். அந்தப் பக்கம் ஒரு கம்பிவேலி, வேலியைத் தாண்டினால் முந்திரிக்காடு.

கூட வேலை பார்த்தவர் லேப் டெக்னீஷியன். ஐம்பது வயதைத் தாண்டியவர். எல்லாரும் லேப் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் வாயுவை நிரப்புவார், நான் செங்கல் தடுப்புக்குப் பின்னால் நின்று பட்டனை அழுத்துவேன். அழுத்துவதற்கு முன்னால் போல்ட்டுகளை ஒரு தடவை பார்ப்பேன். பிறகு இன்னொரு தடவை போய்ப் பார்ப்பேன்.

"மேடம், நீங்க பாக்குற பார்வையிலயே போல்ட்டு தேஞ்சுரும்" என்பார் அவர்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா தினமும் ஆடு மேய்ப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் தண்ணீர் பிடிக்க வேலியின் கிழிசல் வழியாக உள்ளே வருவார். முதலில் சிரிப்பு மட்டும்தான். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டார்.

"டீச்சர், இதுக்குள்ள என்னதான் பண்றீங்க? ஆடெல்லாம் மெரண்டு ஓடுது."

உடைந்த தகடு ஒன்றை எடுத்துக் காட்டி எனக்குத் தெரிந்த அளவுக்கு விளக்கினேன். முன்பக்கம் சில்லு நுழைந்த ஓட்டை சின்னது. பின்பக்கம் அடுக்குகள் பிரிந்து, இழைகள் பிய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போயிருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்தார்.

"இத்தனை பாடுபட்டுச் செஞ்சு, அத நீங்களே ஒடைக்கிறீங்களா?"

"ஒடையாம இருக்கான்னு பாக்கத்தான் அக்கா."

"நல்ல பொழப்பு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு என்ன டீச்சர், ஒடஞ்சுச்சா ஒடையலையா?" என்று கேட்பார். மதியச் சாப்பாட்டை ஷெட்டின் தகரச் சுவருக்கு எதிரில் இருந்த ஒரு முந்திரி மரத்தடியில் வைத்துத்தான் சாப்பிடுவார். அங்கேதான் நிழல் அடர்த்தியாக இருக்கும். சுடுகிற நாட்களில் நாங்கள் சாலைப் பக்கம் சிவப்புக் கொடி கட்டுவோம். முந்திரிக்காட்டுப் பக்கம் கட்டியதில்லை. சில்லு அந்தப் பக்கம் போக வேலையே இல்லை என்பது எங்கள் கணக்கு.

அதுவரை தகட்டை நேராக நிறுத்தி வைத்துத்தான் சுட்டிருந்தோம். கைடு அடுத்ததாகச் சாய்த்து வைத்துச் சுடச் சொன்னார். நிஜத்தில் சில்லு நேராகவே வந்து அடிக்கும் என்று சொல்ல முடியாதல்லவா. ஒர்க்ஷாப்பில் சொல்லி, வேண்டிய கோணத்துக்குத் திருப்பி நிறுத்துகிற மாதிரி ஒரு சட்டம் செய்து வாங்கினோம். தகட்டை அதில் பொருத்தினேன். அது தகரச் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பி நின்றது. தகடு தாங்காவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்து எல்லா ஏற்பாடும் செய்தோம். பின்னால் கூடுதலாக மணல் மூட்டை வைத்தோம். தாங்கினால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. லேப் அண்ணனும் யோசிக்கவில்லை. சட்டத்தின் வரைபடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன கைடும் யோசிக்கவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்து வந்து சுட்டோம். சத்தம் வந்தது. வழக்கம்போலக் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். லேப் அண்ணன் வால்வை மூடிவிட்டுக் கையசைத்த பிறகு தகட்டுக்குப் பக்கத்தில் போனேன்.

தகடு உடையவில்லை. நடுவில் சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான். பின்பக்கம் கைவைத்துத் தடவினேன். வழவழவென்று இருந்தது. எத்தனையோ தகடுகள் உடைந்த பிறகு முதல் தடவையாக ஒன்று இப்படி நின்றிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, தாங்கிருச்சு. இங்க வந்து பாருங்க."

அவர் வந்தார். தகட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து தரையைப் பார்த்தார். மணல் மூட்டைகளைப் பார்த்தார். ஒன்றிலும் புதிதாகக் கிழிசல் இல்லை.

"சில்லு எங்க மேடம்?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மேசைக்கு அடியில் தேடினேன். அவர் நிமிர்ந்து பக்கவாட்டில் பார்த்தபடி அப்படியே நின்றார். கையை நீட்டினார். தகரச் சுவரில், எங்கள் தோள் உயரத்தில், ஒரு புதிய ஓட்டை. அதன் வழியாக வெயில் குச்சி போல உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தூசி பறந்தது.

தகடு சில்லை நிறுத்தவில்லை. திருப்பிவிட்டிருக்கிறது. அந்தப் பக்கம் முந்திரி மரம். அங்கே சாப்பிட உட்காருகிற நேரம்.

"அண்ணே, அந்த அக்கா" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"நீங்க வேலிப் பக்கமாப் போங்க. நான் கேஸைப் பூரா எறக்கிவிட்டுட்டு கேட்டைச் சுத்தி வாரேன்."

ஓடினேன். கிழிசல் வழியாக நுழையும்போது துப்பட்டா கம்பியில் மாட்டிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு போனேன். காட்டுக்குள் சருகு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. என் காலடிச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. நின்று கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. எப்போதும் அவர் ஆடுகளை அதட்டுகிற குரல் ஷெட் வரைக்கும் வரும். அன்றைக்கு அது இல்லை.

மரத்தடிக்குப் போனேன். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. எவர்சில்வர் தூக்குவாளி திறந்திருந்தது. உள்ளே பாதிச் சோறு. மூடியில் ஊறுகாய். எறும்பு இன்னும் ஏறவில்லை. தண்ணீர்ப் பாட்டில் சாய்ந்து கிடந்தது, மூடி போடாமல், தண்ணீர் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை.

"அக்கா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. காடு முழுக்க எத்தனையோ அக்காக்கள் இருக்கலாம். நான் கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும். தெரிகிற நிலையில் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

சில்லு பட்டவர்கள் உடனே விழுந்துவிட மாட்டார்கள் என்று படித்திருக்கிறேன். கொஞ்ச தூரம் நடந்து போவார்கள். சின்ன ஓட்டைதானே என்று நினைப்பார்கள். நான் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. முன்பக்கம் சின்ன ஓட்டை, பின்பக்கம் பெரிய சேதம். அதை நான்தான் அவருக்கே தகட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். சருகில் இரத்தம் இருக்கிறதா என்று குனிந்து தேடினேன். பழுத்த முந்திரி இலை சிவப்பாக இருக்கும். ஒவ்வொரு சிவப்பு இலையையும் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.

கொஞ்சம் தள்ளி ஆடுகள் தென்பட்டன. தாங்களாக மேய்ந்துகொண்டிருந்தன. அதில் ஒரு வெள்ளாட்டுக்குக் காது ஓரம் இரத்தம். பக்கத்தில் போனதும் அது விலகி ஓடியது. துரத்திப் பிடித்தேன். என் வாழ்நாளில் ஆட்டைப் பிடித்ததில்லை, எப்படிப் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. காதில் முள் கிழித்த கோடு. வேறொன்றும் இல்லை. என் விரலில் அதன் இரத்தம் ஒட்டியது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நான் நினைத்ததைச் சொல்லத்தான் வேண்டும். முதலில் அந்த அக்காவை நினைத்தேன். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியவில்லையே என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நொடியே போலீஸ் வரும் என்று நினைத்தேன். என்னை ஜீப்பில் ஏற்றுவதை என் மகள் பார்ப்பாளோ, பள்ளிக்கூடத்தில் யார் அவளுக்குச் சொல்வார்கள் என்று நினைத்தேன். பயம் வந்தால் மனது இவ்வளவு வேகமாகத் தன் பக்கம் திரும்பிவிடும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

எழுந்து திரும்ப மரத்தடிக்கு வந்தேன். அங்கிருந்து ஷெட்டைப் பார்த்தேன். தகரத்தில் ஓட்டை கறுப்புப் பொட்டு மாதிரி தெரிந்தது. விளிம்பு வெளிப்பக்கமாகப் பூப்போல விரிந்திருந்தது. அதிலிருந்து கண்ணால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தேன். என் தலைக்கு நேராக ஒரு கிளை. சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். பச்சையாக ஒடிந்து, பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒடிந்த இடத்தில் பால் கசிந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மேலே போயிருக்கும். எழுந்து நின்றிருந்தால் போயிருக்காது. பாட்டில் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தேன். அவசரமாக எழுந்தவர்தான் அப்படி விட்டுவிட்டுப் போவார்.

அந்த நேரத்தில் பின்னால் ஒரு குரல். "யாரு அது? டீச்சரா?"

வெறுங்காலோடு, இரண்டு ஆட்டுக்குட்டிகளை முன்னால் விரட்டிக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். நான் அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தேன். பிறகு பின்பக்கமும் போய்ப் பார்த்தேன்.

"என்ன டீச்சர் இப்புடிப் பாக்குறீங்க? குட்டி ரெண்டும் கடலைக் கொல்லைக்குள்ள எறங்கிருச்சு. கொல்லைக்காரரு கெடந்து வையிறாரு. சோத்தைப் போட்டுட்டு ஓடுனேன்."

அழுகைதான் வந்தது. அவர் என்னைப் பிடித்து உட்காரவைத்தார். யாராவது வைதார்களா, வீட்டில் ஏதாவதா என்று கேட்டார். நான் கிளையைக் காட்டினேன். பிறகு தகரத்தைக் காட்டினேன்.

"வெடிச்சது இங்கிட்டு வந்துருச்சு அக்கா. நீங்க இங்கதான இருப்பீங்கன்னு…"

அவர் கிளையைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். எழுந்து போய், தான் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றார். கிளை அவர் நெற்றிக்கு நேராக வந்தது. கையை உயர்த்தி அதைத் தொட்டுவிட்டுக் கையை உடனே எடுத்துக்கொண்டார்.

நான் அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். போகட்டும் விடுங்க என்று சொல்வார் என்றும் ஒரு ஆசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைக இருக்கு டீச்சர்" என்றார். அதை மட்டும் சொன்னார்.

லேப் அண்ணன் அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். அக்காவைப் பார்த்ததும் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா தூக்குவாளியை மூடினார், செருப்பைப் போட்டார், ஆடுகளை வளைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் நேராகத் துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவர் ஷெட்டுக்கு வந்து அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். அன்றைக்கே ஷெட்டைப் பூட்டச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அந்த அக்காவின் வீட்டுக்காரரும் ஊர்க்காரர்கள் நாலைந்து பேரும் கல்லூரி கேட்டுக்கு வந்தார்கள். சத்தம் போடவில்லை.

"எங்க சனம் நடமாடுற எடம் சார் அது. ஒங்களுக்குப் படிப்பு வேணும்னா எங்களுக்கு உசுரு வேணாமா?" என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். துறைத் தலைவர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். நான் பின்னால் நின்றேன். சுட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

சில்லை நாங்கள் காந்தம் வைத்துக்கூடத் தேடினோம். கிடைக்கவில்லை.

தகரச் சுவரை எடுத்துவிட்டு நாலு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். தகட்டையும் குழல் வாயையும் சுற்றி இரும்புப் பெட்டி போட்டார்கள். அதெல்லாம் முடிகிற வரைக்கும் எனக்கு விடுதலை மாதிரி இருந்திருக்க வேண்டும். இல்லை. வீட்டில் குக்கர் விசில் வந்தால் மேடையைப் பிடித்துக்கொள்வேன். பஸ் டயர் கல்லை நசுக்கித் தெறிக்கவிட்டால் தலையைக் குனிந்துகொள்வேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு மாணவியின் ஸ்கேல் கீழே விழுந்த சத்தத்தில் போர்டைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. ஆராய்ச்சியை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர், "விட்டுரு, ஒன்னும் கெட்டுப்போகாது" என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

விட்டுவிடவும் முடிவு செய்தேன். அப்போது துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், பாக்கித் தகடுகளைத் தான் சுட்டுத் தருவதாகச் சொன்னார். சுவர்தான் கட்டியாகிவிட்டதே, இனி என்ன பயம் என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், சுடுவதற்கு முன்னால் வெளியே ஆள் நடமாட்டம் உண்டா என இவர் போய்ப் பார்க்க மாட்டார் என்று தோன்றியது. வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கிடையில் ஒரு நாள் கறம்பக்குடி பஸ்ஸில் அந்த அக்காவைப் பார்த்தேன். கூட்டம். எனக்குப் பக்கத்து இடம்தான் காலியானது. யோசித்துவிட்டு உட்கார்ந்தார்.

"மறுபடியும் வெடிக்கப் போறீங்களாமே" என்றார் வெளியே பார்த்தபடி.

"ஆமாக்கா. சுவர் கட்டிட்டாங்க."

"சொவரெல்லாம் இருக்கட்டும். எங்ககிட்டச் சொல்லிட்டு வெடிங்க."

போன் நம்பர் கேட்டேன். கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் முன்னால் அவருக்குப் போன் போட்டேன். "நான் கம்மாய்க்கரை அங்கிட்டு நிக்கிறேன், வெடிங்க" என்பார். சில நாள், "பொறுங்க, இப்பத்தான் ஓட்டிக்கிட்டு வாரேன்" என்பார். பொறுப்போம். பழைய கேலி திரும்ப வரவில்லை. உடைந்ததா உடையவில்லையா என்று அவர் கேட்டதே இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் உருளையில் வாயு முழுக்க நிரப்பியாகிவிட்டது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன். வெளியே போய்க் காடு முழுக்கப் பார்த்தேன். ஆடும் இல்லை, ஆளும் இல்லை. கான்கிரீட் சுவரைத் தட்டிப் பார்த்தேன். எதுவும் இதைத் தாண்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே வந்து பட்டனுக்குப் பக்கத்தில் நின்றேன். விரல் போகவில்லை.

"அண்ணே, எறக்கிருங்க" என்றேன்.

அவர் வாயுவை வெளியே விட்டார். புஸ்ஸென்ற அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் அக்காவே கூப்பிட்டார். பெரிய மகளைப் பெண் பார்க்க வந்தார்களாம், ஆட்டை ஓட்டிவரவே இல்லையாம், போனில் சார்ஜ் போட மறந்துவிட்டதாம்.

"சும்மாதான கெடந்துச்சு காடு, வெடிச்சுருக்கலாமே டீச்சர்" என்றார்.

பாக்கி இருந்த தகடுகளை அந்த வருஷத்துக்குள் முடித்தேன். சாய்த்து வைத்தவை பலவும் நன்றாகவே தாங்கின. கடைசித் தகடு வரைக்கும் பட்டனில் வைத்த விரலை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை போய்ப் போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு வருவேன். லேப் அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல, வாயு நிரம்பி முள் அசையாமல் நின்றுவிட்ட அழுத்தக் கேஜையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்.